மாத்திரை மட்டும் போதாது, மாலை மட்டும் போதாது

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 வந்தால் மாவட்டத் தலைநகரங்களில் ஒரு பேரணி நடக்கும். கலெக்டர் கொடியசைப்பார். நர்சிங் மாணவிகள் வெயிலில் பதாகை பிடிப்பார்கள். மேடையில் மனநல மருத்துவர் பேசுவார், சுகாதாரத் துறை அதிகாரி பேசுவார், தொண்டு நிறுவன நிர்வாகி ஒருவர் பேசுவார். மனநோயோடு வாழ்கிறவர் ஒருவர்கூடப் பேச மாட்டார்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. தலித்துகளுக்கு என்ன தேவை என்று தலித் அல்லாதவர்கள் கூடி முடிவு செய்த கூட்டங்களை நம் தாத்தா காலத்திலிருந்தே பார்த்து வருகிறோம். எங்களுக்காகப் பேச நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லித்தான் 1930இல் அண்ணல் அம்பேத்கரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் போய் உட்கார்ந்தார்கள். அந்த நியாயம் மனநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. அரசு அதை ஏற்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. நம் இயக்கங்களும் இன்னும் ஏற்கவில்லை என்பதுதான் வேதனை. இந்தப் பதிவு இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அரசுக்கு. 2015-16இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள் என்றது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள் என்றும் சொன்னது. இதற்கு மேடைகளில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை."

நாற்று நடும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வரும் நாள் அவருக்குத் தெரியும். அன்றைக்குக் கூலி போகும். கூடப் போகிறவரின் கூலியும் போகும். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, சரி. ஆனால் பஸ் வரும் நேரத்துக்கும் வரிசையில் சீட்டுப் போடும் நேரத்துக்கும் பொருந்தாது. மருத்துவருக்கு முன்னால் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. மாத்திரை வாங்கி வந்து போட்டால் மறுநாள் காலையில் தலை தூக்க முடியாது. சேற்றில் குனிந்தால் மயக்கம் வரும். "தூங்கிட்டே நடுறவளுக்கு எதுக்குக் கூலி?" என்பார் நிலத்துக்காரர். அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் "ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை" என்று எழுதப்படும்.

இதில் எங்கே இருக்கிறது விழிப்புணர்வுக் குறைவு? மாத்திரை எதற்கென்று அவருக்குத் தெரியும். மாத்திரை போட்டுக்கொண்டு பிழைக்கும் வழிதான் தெரியாது. அந்த வழியைச் சொல்ல மருத்துவருக்கு நேரமில்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நேரமிருக்கிறது. எட்டு வருடமாக அதே வகை மாத்திரை போடுகிறவர் அவர். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுற மாதிரி மாத்தித் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுக்கா. கேட்டா மாத்துவாங்க. நீயா நிறுத்தாத, எனக்கு அப்படித்தான் மறுபடி வந்துச்சு." இந்த மூன்று வாக்கியத்துக்குப் பெயர்தான் சக ஆதரவு. நாங்கள் தோழமைக் குழு என்கிறோம். நோயைக் கடந்து வந்தவரும் நோயோடு வாழ்கிறவரும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் காலனியிலேயே கூடி உட்காருவது, ஒருவருக்கு ஒருவர் துணை நிற்பது, தேவைப்பட்டால் சேர்ந்து போய் அதிகாரி முன்னால் நிற்பது.

இது படிக்காதவர்கள் கையில் கொடுக்கக்கூடிய வேலையா என்று கேட்கிறவர்கள் ஜிம்பாப்வேயைப் பார்க்கட்டும். 2006இல் ஹராரே நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். மனச்சோர்வை அந்த மக்கள் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அதிகமாக யோசிப்பது என்று பொருள். நம் பெண்களும் "யோசனை அதிகமாயிடுச்சி" என்றுதானே சொல்கிறார்கள்? அந்தப் பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நல்ல பலன் கிடைத்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டுதலிலும் இந்தப் பெஞ்சுக்கு இடம் கிடைத்தது. பாட்டி மருத்துவருக்கு மாற்று அல்ல. மருத்துவரால் முடியாத வேலையை அவர் செய்கிறார்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஜிம்பாப்வேயில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. 'சக' என்றால் சமமானவர். சாதி இருக்கும் ஊரில் யார் யாருக்குச் சமம்? நான் வேலை செய்யும் வட மாவட்டத்துப் பஞ்சாயத்து ஒன்றில் முதல் குழுவை ஊர்ப்பக்கத்துக் கட்டடத்தில்தான் கூட்டினார்கள். காலனிப் பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தது. ஊர்க்காரர்களுக்கு மட்டும் பிறகு எவர்சில்வர் டம்ளரில் இன்னொரு டீ வந்தது. மூன்றாவது கூட்டத்துக்குக் காலனியிலிருந்து யாரும் வரவில்லை. "பங்கேற்பு குறைவு" என்று அறிக்கை எழுதப்பட்டது. கூட்டம் காலனிக்கு மாறிய பிறகுதான் பெண்கள் வாய் திறந்தார்கள். நோய் ஒன்று என்பதாலேயே சமத்துவம் வந்துவிடாது. நகரத்து மாநாடுகளில் 'அனுபவித்தவர்களின் குரல்' என்று ஆங்கிலத்தில் பேசுகிறவர்களின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் குரல் மட்டுமே எல்லோருடைய குரலும் ஆகிவிடாது என்கிறேன்.

மனநோய்க்குச் சாதி கிடையாது என்பார்கள். நோய்க்கு இல்லை, நோயாளிக்கு உண்டு. ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளை நினைவு தப்பித் தெருவில் சுற்றினால், "பாவம், சித்தம் கலங்கிடுச்சு" என்று யாராவது கைப்பிடித்து வீட்டில் கொண்டுவிடுவார்கள். சேரிப் பிள்ளை அதே நிலையில் ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால், திருட வந்தான், பெண்ணைப் பார்த்தான் என்று கம்பத்தில் கட்டுவார்கள். எங்கள் பகுதியில் 26 வயதுப் பையன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. காவல் நிலையத்தில் அவன் அம்மாவிடம், "பைத்தியக்காரன் சொல்றத வச்சு கேஸ் போட முடியுமா?" என்று கேட்டார்கள்.

போட முடியும். புத்தி சுவாதீனமில்லாதவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிந்தால் போதும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இது இருந்தது, இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, வழக்குப் பதிய முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. ஆதரவின்றிச் சுற்றித் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது காவல்துறையின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 100ஆம் பிரிவில் சொல்கிறது. இவற்றை அந்த அம்மாவுக்குச் சொன்னது வக்கீல் அல்ல. குழுவில் இருக்கும், தானும் மாத்திரை போடுகிற, பத்தாவது வரை படித்த ஒரு பெண். பையனின் ஓபி சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, ஆறு பேரோடு இரவு பத்து மணி வரை ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தார். வழக்குப் பதிவானது. கைப்பிடித்து ஆறுதல் சொல்வதோடு நிற்கும் குழு நமக்கு வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் உட்காரும் குழுதான் வேண்டும்.

சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஓர் ஊனம். 40 விழுக்காடு இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மனநோய்க்கான விழுக்காட்டை 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் கணக்கிடுகிறது. தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என நான்கு தலைப்பு. "வேலைக்குப் போறியாம்மா?" என்று கேட்பார்கள். "போறேங்க" என்பார் நம் அக்கா. போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் போகிறார். வேலைக்குப் போகிறவருக்கு ஊனம் குறைவு என்று மதிப்பெண் விழும். வசதியான வீட்டில் இதே நோயோடு இருப்பவர் வேலைக்குப் போகாமல் இருக்க முடிகிறது, அவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அளவுகோலில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனாலும் அது நம் ஆளைத்தான் வெளியே தள்ளுகிறது. வாரத்தில் எத்தனை நாள் போனார், எத்தனை நாள் பாதியில் அனுப்பப்பட்டார், அவர் பங்கு வேலையை யார் சேர்த்துச் செய்தார்கள் என்று மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் கூட வேண்டும். அதுவும் குழுவின் வேலை.

ஏர்வாடியை மறந்துவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்யும் 95ஆம் பிரிவு வர அதன் பிறகு 16 ஆண்டுகள் ஆயின. சட்டம் வந்துவிட்டது, ஆனால் ஒரே அறை உள்ள வீட்டில், பகல் முழுக்க எல்லோரும் கூலிக்குப் போக வேண்டிய வீட்டில், கதவைப் பூட்டிவிட்டுப் போகாமல் என்ன செய்வது? அந்தத் தாயைக் குற்றவாளி ஆக்குவது சுலபம். பகலில் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள நான்கு பேரைச் சேர்ப்பது கடினம். சமூகத்தில் வாழும் உரிமை என்று 19ஆம் பிரிவு சொல்வது அந்த நான்கு பேரும் இருந்தால்தான் நடக்கும்.

இனி நம் இயக்கத் தோழர்களுக்கு. ரோகித் வெமுலா, சேலத்து முத்துக்கிருஷ்ணன், அனிதா, பாயல் தாத்வி. இந்தப் பெயர்களைச் சொல்லும்போது நாம் 'நிறுவனப் படுகொலை' என்கிறோம். அது சரியான சொல், விட்டுக்கொடுக்க முடியாது. சாதி செய்த கொலையை 'மன அழுத்தம்' என்று ஒற்றை வரியில் மூடுகிறவர்களை நாம் எதிர்த்தே ஆக வேண்டும். ஆனால் அந்த எதிர்ப்பு வேறொன்றாகவும் மாறிவிட்டது. மனநோய் என்று பேசினாலே அரசியலை நீர்த்துப்போகச் செய்கிறாய் என்கிறோம். இதனால் நடப்பது என்ன? களத்தில் முன்னால் நிற்கும் தோழர் தூக்கமில்லாமல் தவிக்கிறார், மாத்திரையை ஒளித்துவைத்துப் போடுகிறார். "தைரியமா இரு தோழர், நாமே உடைஞ்சா எப்படி?" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விடுகிறோம். இறந்தவர் படத்துக்கு மாலை போடக் கூடுகிற நாம், இருக்கிறவர் பக்கத்தில் உட்காரக் கூடுவதில்லை.

சாதி ஒழிந்தால் இதெல்லாம் தானாகத் தீரும் என்பது ஒரு வாதம். பெரும்பகுதி தீரும், நானும் நம்புகிறேன். ஆனால் மனச்சிதைவு எல்லாச் சாதியிலும் வருகிறது, சாதி ஒழிந்த பிறகும் வரும். அதுவரை இன்றிரவு தூங்காமல் இருக்கும் ஆளுக்கு யார் துணை? சாதியும் உண்மை, நோயும் உண்மை. ஒருவர் மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். காலனியில் இருக்கும் நம் பெண்கள் இரண்டையும் சேர்த்துத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை இவை:

1. மனநல மறுஆய்வு வாரியங்களில் இரண்டு இடம் மனநோயோடு வாழ்கிறவர்கள், பராமரிப்பவர்கள், அவர்களுக்கான அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் என்று பொதுவாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒன்றாவது நோயோடு வாழ்கிறவருக்கே என்று கட்டாயமாக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதித்துவம் வேண்டும்.

2. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒன்றியம்தோறும் தோழமைப் பணியாளர்கள் வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரில் இலவச உழைப்பு வேண்டாம். மாதச் சம்பளம் வேண்டும். சேரிப் பெண்களின் உழைப்பை 'சேவை' என்று சொல்லிச் சும்மா வாங்கியது போதும்.

3. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. மருத்துவர் எழுதிய மனநல மாத்திரையும் அதே பையில் எல்லாக் காலனிக்கும் வரட்டும்.

4. வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணமும் பட்டாவும் கொடுப்பதோடு கடமை முடியாது. வழக்கு முடியும் வரை கூட வர ஒரு துணையாள் வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டங்களில் இதை நம் பிரதிநிதிகள் எழுப்ப வேண்டும்.

5. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் நம் அமைப்புகளின் கிளைகளிலும் நாமே குழுக்களைத் தொடங்க வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு பாயும், அங்கே பேசியது வெளியே போகாது என்ற உறுதியும் போதும்.

கடைசிக் கோரிக்கை மட்டும் நம் கையில் இருக்கிறது. இந்த ஏப்ரல் 14க்கு மேடை போடும் கிளைகள், மனநோயோடு வாழ்கிற நம் தோழர் ஒருவருக்கு அந்த மேடையில் பத்து நிமிடம் கொடுங்கள். அவர் விரும்பினால் மட்டும், அவர் பெயரில், அவர் சொல்ல நினைப்பதை. படிக்கும் உங்களில் யாருக்காவது இன்றிரவு தாங்க முடியாமல் இருந்தால் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். அழைத்த பிறகு பக்கத்தில் இருக்கும் ஒரு தோழரையும் கூப்பிடுங்கள். கூப்பிடப்பட்டவர் அறிவுரை சொல்லாமல் போய் உட்காருங்கள்.

ஜெய்பீம்.