கிட்டங்கித் துறையில் நிலையான பாலம் வேண்டி விண்ணப்பம்

அம்பாறை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர் அவர்களுக்கும், மருதமுனை விவசாயிகளும் நெசவாளரும் வணிகரும் அங்கம் வகிக்கும் சங்கத்தார் பணிவுடன் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு.

கௌரவத்துக்குரிய ஐயா,

கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பு வழியாகச் சவளக்கடைக்கும் நாவிதன்வெளிக்கும், அதற்கப்பால் 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தால் உருவான மத்திய முகாம் குடியேற்றங்களுக்கும் செல்லும் வீதி, கிட்டங்கியில் வாவி நீரை ஒரு தாம்போதியால் கடக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எம்மவர் வெள்ளாண்மை செய்யும் வட்டைகளும், எமது தறிகளில் நெய்த சாரமும் சேலையும் விலைபோகும் கிராமங்களும், கல்முனைப் பாடசாலைகளையும் ஆஸ்பத்திரியையும் நம்பியிருக்கும் குடும்பங்களும் அக்கரையில் இருக்க, மாரி பிறந்ததும் அத்தாம்போதி நீரில் அமிழ்ந்து, தோணியும் உழவு இயந்திரமுமே பிரயாண சாதனங்களாகி, பிரசவ வேதனையுற்ற பெண்ணும் பரீட்சை எழுதும் பிள்ளையும் வெள்ளத்தின் கருணையை எதிர்பார்த்து நிற்கும் நிலை ஆண்டுதோறும் உண்டாகிறது.

பாலம் என்பது மனிதன் கடப்பதற்கு மாத்திரமன்றி நீர் கடப்பதற்கும் உரியது என்பதே எமது விண்ணப்பத்தின் சாரம். இதனை விளக்க, தமிழ் மக்கள் பெருமையுடன் போற்றும் ஒரு கற்பாலத்தின் சரித்திரத்தைச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறோம்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணி பெருக்கெடுத்து ஓடிய காலத்தில், இரு நகர மக்களும் எம்மைப் போலவே படகுத் துறையில் காத்துக் கிடந்தனர். அந்நாளில் ஜில்லா கலெக்டராயிருந்த ஈ. பி. தாம்சனின் கச்சேரியில் சிரஸ்தேதாராகப் பணிபுரிந்த சுலோசன முதலியார் என்பவர், மக்கள் துயரை நேரிற் கண்டு, தம் சொந்தப் பொருளை அள்ளிக் கொடுத்து அங்கே பாலம் சமைக்க முன்வந்தார். இலண்டன் மாநகரத்து வாட்டர்லூ பாலத்தைப் பின்பற்றிக் கப்டன் பேபர் வரைந்த திட்டத்தின்படி, டபிள்யூ. எச். ஹார்ஸ்லியின் மேற்பார்வையில் எழுந்த அக்கற்பாலம் 1843இல் திறக்கப்பட்டது. ஓர் உத்தியோகஸ்தர் தம் கடமையின் எல்லைக்கு அப்பாலும் சென்று செய்த இத்தருமத்தை நினைக்குந்தோறும் எமது உள்ளம் நெகிழ்கிறது.

ஆயினும் அவருடைய கொடையைக் காட்டிலும் அப்பாலத்தின் அமைப்பே இங்கு எமக்குப் பிரதானமானது. 760 அடி நீளமுள்ள அதில், ஒவ்வொன்றும் 60 அடி அகலமுடைய 11 வளைவுகள் உண்டு. அதாவது, அந்நீளத்தில் 660 அடி நதிக்கே விடப்பட்டது. வளைவானது மேலிருந்து வரும் பாரத்தை இருபுறத்துத் தூண்களுக்கும் தள்ளிவிடுவதால், நடுவே தூண்களைக் குறைத்து நீருக்கு அகன்ற வழி தர முடிகிறது. அப்படியிருந்தும் 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் அப்பாலம் சேதமுற்றது; 1871இல் அது செப்பனிடப்பட்டது. பழுது நேர்ந்ததென்று எவரும் அதனைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் வாகனங்கள் பெருகவே அகலப்படுத்தப்பெற்று, 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும் கண்டு, இன்றும் அது போக்குவரத்துக்கு உதவி வருகிறது.

கிட்டங்கியிலோ இதற்கு மாறாக, தாழ்ந்த மண்ணணையும் குறுகிய மதகுகளுமே நீரை எதிர்கொள்கின்றன. ஆற்றுவாழை திரள்திரளாக வந்து மதகுகளை அடைக்க, நீர் தேங்கி உயர்ந்து, வீதியை மூடுவதோடு மேற்புறத்து வயல்களையும் நாசப்படுத்துகிறது. எனவே தாம்போதியை உயர்த்துவது மாத்திரம் பரிகாரமாகாது. நீரின் வழியை அகலமாக்காமல் உயர்த்தினால் அது ஓர் அணைக்கட்டாகவே முடியும் என்று அஞ்சுகிறோம்.

எமது பிரதேசத்துக்கும் இத்தகைய முன்மாதிரி இல்லாமலில்லை. ஆளுநர் வில்லியம் மானிங்கின் காலத்தில் அமைந்து, அவர் துணைவியாரின் பெயரைத் தாங்கிய மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு எழுவான்கரையைக் காத்தது. 2013இல் ஜப்பானிய உதவியுடன் அதனருகே புதிய பாலமும் எழுந்தது.

ஆகவே, கிட்டங்கியில் வெள்ளமட்டத்துக்கு மேலாக, அகன்ற நீர்வழிகளையுடைய நிலையான பாலத்தை அமைத்துத் தருமாறும், அதன் திட்டத்தை வகுக்குமுன் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரையும் இருகரை விவசாயிகளையும் கலந்தாலோசிக்குமாறும், வேலை ஆரம்பமாகும் தினத்தையும் முடிவடையும் தினத்தையும் எமக்கு எழுத்தில் அறிவிக்குமாறும் வேண்டுகிறோம்.

பாலம் எழும்வரை மக்கள் உயிர் காக்கப்பட வேண்டும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்கையில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு இளம் உயிர்கள் பலியான துக்கம் இன்னும் எம்மை விட்டு அகலவில்லை. கிட்டங்கி மூடப்படும்போது எம்மவர் சுற்றிச் செல்ல நேரும் பாதையும் அதுவே. ஆதலால் மாரிக்கு முன்னரே ஆற்றுவாழையை அகற்றி, நீர்மட்டம் காட்டும் கற்களை நாட்டி, குறித்த அளவுக்கு மேல் நீர் ஏறியதும் வீதியை மூடக் காவலரை நியமித்து, உயிர்காப்பு அங்கிகளுடன் கூடிய இயந்திரப் படகுகளை அரச செலவில் இரவும் பகலும் நிறுத்திவைக்க வேண்டுமென்று பிரத்தியேகமாகக் கோருகிறோம். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றும் படகு வேறாக இருத்தல் அவசியம்.

தாங்கள் மழைக்கு முன் ஒருமுறையும் வெள்ளம் ஏறியபின் ஒருமுறையும் துறைக்கு நேரில் வந்து பார்வையிடும்படி வேண்டுகிறோம். அவ்விரு தினங்களிலும் எமது பிரதிநிதிகள் தங்கள் சமுகத்தில் ஆஜராவார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாக சபையினர்,
மருதமுனை.