தின்று வரவழைத்த நோயல்ல இது

தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு ஆறாவது மாதத்தில் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், அந்த வீட்டில் முதலில் நடப்பது விசாரணை. "ஆபீஸ் விட்டு வரும்போது பேக்கரியில நின்னியாம்மா?" "மாம்பழம் வேணாம்னு அப்பவே சொன்னேனே, கேட்டியா?" மாமியார் கேட்பார், பெற்ற தாயும் கேட்பார். கணவன் வாய்விட்டு ஒன்றும் கேட்காமல், ஃப்ரிட்ஜில் இருக்கும் ஸ்வீட் பாக்ஸை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருவான். அன்று ராத்திரி அவள் தூங்கமாட்டாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேன் என்ற எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

தாம்பரம் பக்கம் பெருங்களத்தூர் அடுக்குமாடியிலும் இதுதான், முடிச்சூர் வாடகை வீட்டிலும் இதுதான். இதில் படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. இனிப்பு தின்றதால் சர்க்கரை வந்தது, வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. தாயையும் பிள்ளையையும் பாதிக்கிற தவறு என்பதால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். கர்ப்பம் பாதியைத் தாண்டியதும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள், தாயின் உடம்பில் இன்சுலினை முன்புபோல வேலை செய்யவிடாது. சாப்பிட்ட சர்க்கரை முழுவதும் தாயின் தசைகளுக்கே போய்விடாமல் ரத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றால்தான் பிள்ளைக்கும் பங்கு கிடைக்கும். அதற்கான ஏற்பாடு இது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நடப்பது. இதை ஈடுகட்ட அவளுடைய கணையம் வழக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இன்சுலின் சுரந்தாக வேண்டும். சுரக்க முடிந்தால் சர்க்கரை அளவோடு நிற்கும், முடியாவிட்டால் ஏறும். முடியுமா முடியாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பரம்பரை, வயது, கருத்தரிக்கும் முன்பிருந்த எடை, நம் பக்கத்து மக்களின் உடல்வாகு ஆகியவை. போன மாதம் தின்ற இரண்டு ஜாங்கிரியில் நிர்ணயமாகிற விஷயமல்ல அது.

இதை அழுத்தமாகச் சொன்னவர்கள் வெளியூரில் இல்லை, சென்னையிலேயே இருந்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரைக்காகவே பல ஆண்டுகள் பாடுபட்டவர் டாக்டர் வி. சேஷையா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் நாடு முழுவதும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய குழு சென்னை நகரம், அரை நகர்ப்புறமாக எடுத்துக்கொண்ட சைதாப்பேட்டை, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் என மூன்று இடங்களில் பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தது. 2008-இல் வெளியான முடிவின்படி நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சைதாப்பேட்டையில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது.

வாயைக் கட்டாததுதான் காரணம் என்பவர்கள் இந்த மூன்று எண்களுக்குப் பதில் சொல்லட்டும். பட்டணத்துப் பெண்கள் திருவள்ளூர்ப் பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு அடக்கமில்லாதவர்களா? பட்டணத்தில் வேலை உட்கார்ந்த வேலை, கல்யாணம் தள்ளிப்போகிறது, நடை குறைகிறது. ஊரே மாறியதன் விளைவு இது. தாம்பரம் பக்கம் ஏரியும் வயலுமாக இருந்த இடங்களெல்லாம் நம் கண் முன்னே மனைப்பிரிவுகளாகிவிட்டன. அந்த மாற்றத்தின் கணக்கை இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் நாக்கில் எழுதுவது என்ன நியாயம்?

2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். சாப்பிட்டு வந்திருந்தாலும் சரி, வெறும் வயிறானாலும் சரி. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை. குமட்டலோடு அந்த இனிப்புத் தண்ணீரை மடக்கு மடக்காக இறக்கிவிட்டு, வாந்தி வந்துவிடக் கூடாதே என்று கர்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் பார்க்கலாம். ஒல்லி, பருமன், இனிப்பே பிடிக்காதவள் எல்லோரும் அந்த வரிசையில் இருப்பார்கள். தின்றவளுக்குத்தான் வரும் என்றால் எல்லோரையும் ஏன் உட்காரவைக்க வேண்டும்? ஆளைப் பார்த்தோ சாப்பாட்டைக் கேட்டோ கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. சாப்பாடுதான் முதல் வைத்தியம், பெரும்பாலான பெண்களுக்கு அதுவே போதும். ஆனால் மருந்தாக இருப்பதாலேயே அது குற்றமாகிவிடாது. காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுக்கிறோம், கஞ்சி குடிக்காததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

இனிப்பின் மேலேயே எல்லோர் கண்ணும் இருப்பதால், தட்டில் நிஜமாக இருப்பது தப்பித்துக்கொள்கிறது. சென்னைக்காரர்கள் ஒரு நாளில் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது என்று இங்கே நடந்த ஆய்வே சொல்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண்ணின் டிபன் பாக்ஸைத் திறந்தால் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். காலையில் நாலு இட்லி, ராத்திரி தோசை. இனிப்பு ஒரு துளிகூட இல்லை, ஆனால் நாள் முழுக்க மாவு. விடிகாலையில் எழுந்து கட்டிக்கொடுக்க முடிந்தது அதுதான், அரை மணி இடைவேளையில் சாப்பிட முடிந்ததும் அதுதான்.

காலை வேளையில் இன்சுலின் இன்னும் மந்தமாக வேலை செய்யும். அதனால் நாலு இட்லியை இரண்டாக்கி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ வைத்து, சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துக் காயைக் கூட்டினால் எண் இறங்கும். மதியம் சோற்றைக் கரண்டிக் கணக்கில் வைத்துக்கொண்டு, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் தினமும் வந்து இறங்கும் கீரையையும் அவரைக்காயையும் கொத்தவரங்காயையும் சோற்றின் அளவுக்குச் சாப்பிடலாம். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்து, சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் கால்மணி நேரம் நடக்கலாம். இதில் எதையும் அவள் தனியாகச் செய்ய முடியாது என்பதைக் கவனியுங்கள். மாவு ஆட்டுவது யார், காய் வாங்கி வருவது யார், அவளுக்கென்று தனி உலை வைக்க அந்த அடுப்படியில் யாருக்கு நேரம்? வீட்டுத் தட்டு மொத்தமும் மாறினால்தான் அவளுடைய தட்டு மாறும். விசாரணை நடத்தியவர்கள் இந்த இடத்தில்தான் காணாமல்போகிறார்கள்.

பழி சுமத்தப்பட்டவள் என்ன செய்வாள்? பட்டினி கிடப்பாள். நாளைக்குச் சோதனை என்றால் இன்று ராத்திரி மோர் மட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனைக்கு ஒரே ஒரு இட்லியைத் தின்றுவிட்டுப் போவாள். சர்க்கரை அளவு வேண்டிய 120-க்குள் வரும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாமலே போய்விடும். தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோனை உண்டாக்கும், கர்ப்பிணிக்கு அது நல்லதல்ல. கர்ப்பிணிக்கு நாளைக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும் என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பயத்தில் சோற்றையே விட்டுவிடும் பெண்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

இன்னொரு பக்கம், வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை. ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்கு அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று பேதமில்லை. இரண்டும் ஏற்றும்.

வளைகாப்பு பெரும்பாலும் ஏழாம் மாதத்தில், ரிப்போர்ட் வந்த கையோடு வரும். சர்க்கரைப் பொங்கலும் கலவை சாதங்களும் வரிசையாக இருக்கும். சந்தனம் பூசி வளையல் போட்டுவிட்டு, வந்த சுமங்கலிகள் எல்லோரும் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுடா கண்ணு" என்பார்கள். அவள் மறுத்தால் அபசகுனம், தின்றால் அடுத்த ரிப்போர்ட்டில் குற்றவாளி. ஊட்டிய கைகள்தான் மறுவாரம் அவளை நோக்கி நீளும். பழத்துண்டையோ சுண்டலையோ ஊட்டினால் வளைகாப்பு குறைந்துவிடாது. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது வீட்டுப் பெரியவர்கள். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருப்பவள் அல்ல.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கிறது. ரத்தசோகை உள்ளவளுக்கு அது பெரிய உதவி. சர்க்கரை உள்ளவளுக்கும் அதே பெட்டகம்தான். தின்பதா, எத்தனை தின்பது என்று ஒரு துண்டுச் சீட்டை உள்ளே வைத்தால் அவளுடைய பாதிப் பதற்றம் தீரும்.

பழியின் மிகக் கொடிய விளைவு இன்சுலின் விஷயத்தில் தெரியும். இரண்டு வாரம் உணவு முறையைக் கடைப்பிடித்தும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வராவிட்டால் மருந்து என்கிறது தேசிய வழிகாட்டி. அதைப் பத்தியத்தில் தோற்றதற்குக் கிடைத்த தண்டனை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். "ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் ஊசிதான், இன்னும் ஒரு மாசம் வாயைக் கட்டிப் பாரு" என்று வீட்டில் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஒரு மாதத்தில் தாயின் ரத்தத்திலிருந்து கூடுதல் சர்க்கரை பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளையின் கணையம் அதற்குத் தக்க இன்சுலினைச் சுரந்து, உடம்பு அளவு மீறிப் பெருக்கும். பிறந்ததும் தொப்புள்கொடியோடு சர்க்கரை வரத்து நின்றுவிட, இன்சுலின் மட்டும் மிஞ்சி, பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும். தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலினோ நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போவதில்லை என்றே சொல்லலாம். பெரும்பாலோருக்குப் பிரசவமானதும் ஊசி நின்றுவிடும். பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில், ஆயிரம் பெண்களை வைத்து நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், உணவு ஆலோசனையும் சர்க்கரைக் கண்காணிப்பும் தேவைப்பட்டவர்களுக்கு இன்சுலினும் கிடைத்த பிரிவில், பிள்ளைக்கு வரும் கடுமையான சிக்கல்கள் நூற்றுக்கு 4-லிருந்து 1-ஆகக் குறைந்தன. வைத்தியம் செய்தால் இத்தனை நன்றாகக் கேட்கும் கோளாறு இது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாய் செய்த தப்புதானே, பத்தியம் முடிந்தது என்று. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்காவது அதிகம் என்று 2009-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. அவளுடைய கணையத்தின் பலம் எவ்வளவு என்பதைக் கர்ப்பம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கிறது. பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்யச் சொல்வது அதனால்தான். பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள். அன்றைக்கு அவள் வெறும் வயிற்றோடு கிளம்பட்டும். ஊசி போட்ட பிள்ளை அழும், இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்துவதற்குக் கணவன் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போகட்டும்.