ஸ்டாக்குக்கு இரண்டு பாயின்டர் எதற்கு?

கணினி அறிவியல் படிப்பவர்களுக்குத் தரப்படும் பழக்கமான லேப் பயிற்சி இது: டபுளி லிங்க்டு லிஸ்ட்டைக் கொண்டு ஸ்டாக் எழுதுக. மாணவர் ஒரு நோடை அமைக்கிறார். அதில் டேட்டா ஒன்று, அடுத்ததைக் காட்டும் பாயின்டர் ஒன்று, முந்தையதைக் காட்டும் பாயின்டர் ஒன்று. புஷ், பாப் எழுதுகிறார், அவுட்புட் வருகிறது, ரெக்கார்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது. இரண்டாவது பாயின்டர் அங்கே என்ன வேலை பார்த்தது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

ஒரு வேலையும் பார்க்கவில்லை.

கடைசியில் வந்தது முதலில் வெளியேற வேண்டும் என்பதே ஸ்டாக்கின் விதி. மியூனிக்கில் பணியாற்றிய ஃப்ரீட்ரிஷ் பவரும் கிளாவ்ஸ் சாமல்சனும் 1957இல் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கோரினார்கள். சேர்ப்பதும் எடுப்பதும் உச்சியில்தான். புது நோடு பழைய உச்சியைக் காட்டினால் புஷ் முடிந்தது; உச்சியை ஒரு படி கீழே இறக்கினால் பாப் முடிந்தது. இதற்கு ஒரு பாயின்டர் தாராளம். 64 பிட் கணினியில் கூடுதல் பாயின்டர் நோடுக்கு 8 பைட் கேட்கிறது. பத்து லட்சம் நோடு என்றால் 80 லட்சம் பைட் வெட்டிச் செலவு. போதாததற்கு, பாப் செய்தபின் புதிய உச்சியின் இரண்டாவது பாயின்டரை வெறுமையாக்க மறந்தால், அது விடுவிக்கப்பட்ட நினைவகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

தொழில்முறை நூலகங்களும் இந்த வழியை விரும்புவதில்லை. ஜாவாவின் பழைய ஸ்டாக் வகுப்பே அர்ரேயின் மேல் கட்டப்பட்டதுதான். இன்று ஜாவாவில் ஸ்டாக் தேவைப்படுவோர் பெரும்பாலும் அர்ரேடெக் வகுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் அர்ரேதான்.

அதற்காகப் பயிற்சியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கேள்வியில் ஒரு வரி சேர்த்தால் போதும். 'ஸ்டாக்கின் நடுவில் உள்ளதையும் நிலையான நேரத்தில் நீக்குக.' நடுவிலிருந்து உருவினால் அது ஸ்டாக்தானா என்று இலக்கணம் பேசுவோர் கேட்கலாம், கேட்கட்டும். இப்போது நடு நோடைக் காட்டத் தனி பாயின்டர் வேண்டும். இரண்டு புஷ்ஷுக்கு ஒருமுறை அது ஒரு படி மேலே ஏற வேண்டும். இரண்டு பாப்புக்கு ஒருமுறை ஒரு படி இறங்க வேண்டும். நடு நோடு போனால் அதன் இரு பக்கத்து நோடுகளும் கைகோக்க வேண்டும். ஒற்றைப் பாயின்டர் பட்டியலில் இறங்க வழி உண்டு. ஏறுவதற்கு உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருவதைத் தவிர வழியில்லை.