பங்குனி ஆமையும் பொதுத்தேர்வும்

சென்னைக் கரையில் முட்டையிட வரும் ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பேர். தையிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும் மாசி, பங்குனியில்தான் மும்முரம். பள்ளிக்கல்வித் துறை பொதுத்தேர்வுக்குப் பிடித்துவைத்திருப்பதும் அதே மாசி பங்குனியைத்தான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கடற்கரையில் நடந்திருக்க வேண்டிய இரவுகள் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தோடு கழிகின்றன.

ஆமை நடை நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகரில் முடியும். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது. ஈர மணலில் டிராக்டர் டயர் ஏறி இறங்கியதுபோல் தடம் தெரிந்தால் நிற்க வேண்டும். மேட்டில் மணல் கலைந்திருக்கும் இடத்தைக் கம்பால் மெல்லக் குத்திக்கொண்டே வருவார்கள். குழியின் மேல் மட்டும் கம்பு சட்டென்று இறங்கும். பிறகு குப்புறப் படுத்து, முழங்கை தாண்டக் கையை விட்டால் பிங்பாங் பந்து அளவில் முட்டைகள். தொட்டால் தோல்போல் நெகிழும். நூற்றுக்கு மேல் இருக்கும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தால் 45, 50 நாளில் குஞ்சு. விட்டுவைத்தால் நாய் தோண்டும். தப்பிப் பொரித்தவையும் தெருவிளக்கைக் கடலென்று நம்பிச் சாலைக்கு ஊரும்.

பல இரவுகளில் ஒன்றுமே கிடைக்காது. காலில் மணல் அறுக்க, விடியற்காலை டீக்கடையில் தூங்கி வழிந்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை மறுபடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துத்தான் இந்தத் தலையங்கம்.

1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணைக்காரர்களும் இந்த நடையைத் தொடங்கினார்கள். 1988இல் மாணவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பே கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். அதற்கு முன்பே, ஐ.ஐ.டி. மாணவராகப் பாம்புப் பண்ணைக்காரர்களோடு வந்து சேர்ந்த சதீஷ் பாஸ்கர், 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் ஐந்து மாதம் தனியாக ஆமைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கையில் கரையொதுங்கி, ஒரு மீனவர் கையால் தபாலேறி வீடு சேர்ந்தது.

எல்லாரும் சதீஷ் பாஸ்கர் ஆவதில்லை. என்னோடு நடந்தவர்களில் பாதிப் பேர் மென்பொருள் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஏசி இல்லாமல் தூங்க மாட்டார்கள். ஆனாலும் 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இந்தக் கரையில் செத்து ஒதுங்கியபோது, ஆமைகளைச் சிக்கவைக்கும் இழுவை மடிப் படகுகள் கரையிலிருந்து எத்தனை கடல் மைலுக்குள் வரக் கூடாது என்று செய்தித்தாளைப் பார்க்காமலே சொன்னவர்கள் அவர்கள்தான். மனசு அங்கே தங்கிவிட்டது; பழக்கம் முழுசாக மாறவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

அமெரிக்காவில் 2006இல் வெளியான வெல்ஸ், லெக்கீஸ் ஆய்வு, நகரவாசிகள் 2,000 பேரிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டது. செடி நட்டு, பூப்பறித்து வளர்ந்தவர்களைவிடக் காட்டில் நடந்தும் கூடாரமடித்தும் மீன்பிடித்தும் திரிந்தவர்களிடம் பிற்காலத்தில் இயற்கை மீதான அக்கறை கூடுதலாகத் தெரிந்தது. பதினொரு வயதுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஆய்வு அது. பெரியவர்களின் ஞாபகத்தை நம்பியது. அந்தத் தள்ளுபடியோடும் எனக்கு அது சரியாகவே படுகிறது. என் பள்ளியிலும் சுற்றுச்சூழல் மன்றம் இருந்தது. ஜூன் 5 தோறும் கன்று நட்டுப் போட்டோ எடுப்போம். மூன்று வருஷம் மூன்று கன்று, குழி ஒன்றுதான்.

மன்றங்களுக்குப் பணம் வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். அதைவிட, ப்ளஸ் டூ பிள்ளைக்குச் சனிக்கிழமை இரவு ஒன்று வேண்டும். மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த இரவும் கடலும் வாசலிலேயே இருக்கின்றன. நடை ஏற்பாடு செய்கிறவர்கள் அவர்களை இன்னும் நிறைய அழைத்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

போன பருவத்தில் ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தாள். கொட்டிவாக்கம் தாண்டும்போது மணி இரண்டு. காலையில் டியூஷனில் வேதியியல் மாதிரித் தேர்வு என்று அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இருவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். இருபது நிமிஷம் கழித்து, திருவான்மியூருக்குச் சற்று முன்னால், தடம் தெரிந்தது. 118 முட்டை.