கையெழுத்து கேக்குறாங்க, சேதி சொல்ல மாட்டேங்குறாங்க



ஆனி, ஆடி வந்தா நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் ரெண்டு வேலை சேர்ந்தாப்புல நடக்கும். ஒண்ணு, மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் காட்டை உழுது போடுறது. இன்னொண்ணு, பன்னிரண்டாவது முடிச்ச புள்ளைய காலேஜ்ல சேக்குறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றுன்னு இ-சேவை மையத்துக்கு நடையா நடப்போம். பத்தலைன்னா நகையை அடகு வைப்போம். பீஸ் கட்டி ரசீது வாங்குற நாள் வரைக்கும் அப்பா அம்மா இல்லாம ஒரு காரியமும் ஆகாது.

அதுக்கு அப்புறம்? மூணு வருஷமோ நாலு வருஷமோ, அந்தப் புள்ள உள்ள என்ன படிக்குது, எப்படிப் படிக்குதுன்னு நமக்கு யாரும் சொல்றதில்லை. பீஸ் கட்டற தேதி மட்டும் தவறாம வந்து சேரும். இதைப் பத்திதான் இன்னைக்கு எழுதணும்னு நினைச்சேன்.

முன்னெல்லாம் இன்ஜினியரிங் கவுன்சிலிங்னா சென்னை கிண்டியில அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போகணும். ராத்திரி பஸ் ஏறி, காலையில அங்க போய் மூஞ்சி கழுவி, திரையில எந்தக் காலேஜ்ல எத்தனை சீட் இருக்குன்னு ஓடுறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அலைச்சல்தான், செலவுதான். ஆனா புள்ள எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு எடுக்குதோ அந்த நிமிஷம் பெத்தவங்க பக்கத்துல இருந்தாங்க. 2018-ல இருந்து கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போயிடுச்சு. அலைச்சல் மிச்சம், அதைக் குறை சொல்லலை. ஆனா இப்ப நம்ம ஊர்ப் புள்ளைங்க நிறையப் பேருக்குக் காலேஜ் வரிசையைப் போட்டுக் கொடுக்குறது கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்குற தம்பிதான். பெத்தவங்க வெளிய பெஞ்சுல உக்காந்து, ஓ.டி.பி. வந்திருக்கான்னு போனை எடுத்து நீட்டுறதோட சரி.

பள்ளிக்கூடத்துல இப்படி இல்லை. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு வச்சாங்க. அதுல நாலுல மூணு பங்கு பேர் பெத்தவங்களாத்தான் இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல கூலி வேலைக்குப் போற அம்மா ஒருத்தங்க தலைவியா உக்காந்து, கழிவறைக்கு ஏன் தண்ணி வரலைன்னு தலைமை ஆசிரியரைக் கேக்குறாங்க. ரேங்க் கார்டுல மாசா மாசம் கையெழுத்துப் போடுறோம். அதே அம்மா, புள்ள காலேஜ் போன மறுநாளே வெளி ஆள் ஆயிடுறாங்க.

காலேஜ்ல இருந்து ஒண்ணுமே வராதான்னா, வரும். எஸ்.எம்.எஸ். வரும். 'யுவர் வார்டு ஈஸ் ஆப்சென்ட்'னு இங்கிலீஷ்ல வரும். களத்துல நிக்கிற ஆளு அதை யார்கிட்ட கொண்டுபோய்ப் படிச்சுக் கேப்பாரு? பாதிப் பேர் வீட்டுல அந்தப் புள்ளகிட்டயேதான் போனைக் கொடுத்து "என்னம்மா வந்திருக்கு, பாரு"ன்னு கேக்குறோம். இன்னும் சில புள்ளைங்க சேரும்போதே அப்பா நம்பர்ங்கிற இடத்துல தன்னோட இன்னொரு சிம் நம்பரைப் போட்டுடுதுங்க. காலேஜும் சேதி சொல்லிட்டோம்னு கணக்குல எழுதிக்கும். வீட்டுக்குத்தான் சேதி வந்திருக்காது.

அடுத்தது கையெழுத்து. காலேஜ்ல சேரும்போது ராகிங் செய்ய மாட்டேன்னு புள்ள ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும், பெத்தவங்களும் தனியா ஒண்ணு கொடுக்கணும். யு.ஜி.சி. 2009-ல போட்ட விதி அது. பெத்தவங்களுக்குத் தெரிஞ்ச மொழியிலயும் அந்தப் பத்திரம் இருக்கலாம்னு அந்த விதியிலேயே வழி இருக்கு. முதல் வருஷம் முடியும்போது காலேஜ் தலைவர் பெத்தவங்களுக்குக் கடிதம் எழுதி இந்த விதிகளைப் பத்திச் சொல்லணும்னும் இருக்கு. நான் நாலஞ்சு ஊர்ல விசாரிச்சுப் பார்த்தேன். இங்கிலீஷ் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவங்கதான் அத்தனை பேரும். கடிதம் வந்ததா ஒருத்தர்கூடச் சொல்லலை. கையெழுத்துப் போட்ட ஒருத்தர், "அது ஹாஸ்டல் பாரம்னு நினைச்சேன்"னாரு.

இந்த விதியெல்லாம் சும்மா வந்ததில்லை. நமக்குக் கிட்டத்துல இருக்குற சிதம்பரத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில முதல் வருஷம் படிச்ச பொன் நாவரசுங்கிற பையனை 1996 நவம்பர்ல கொன்னுட்டாங்க. தீபாவளிக்கு வீட்டுக்கு வர வேண்டிய புள்ள வரலை. அப்பா தேடிக்கிட்டுப் போனாரு. அவரு யாரோ எவரோ இல்லை, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்புல இருந்தவர். காலேஜ்னா என்னன்னு அவரைவிடத் தெரிஞ்சவங்க யாரு? அவருக்கே புள்ள அங்க என்ன பாடுபட்டுச்சுன்னு தெரியாமப் போச்சு. அந்தச் சாவுக்கு அப்புறம்தான் நம்ம தமிழ்நாட்டுல ராகிங் தடுப்புச் சட்டம் வந்தது, 1997-ல. துணைவேந்தர் வீட்டுக்கே அந்தக் கதின்னா, ஏட்டு வாசப்படி மிதிக்காத நம்மள மாதிரி வீட்டுக்கு?

சரி, அப்ப எல்லாத்தையும் வீட்டுக்குச் சொல்லிடணுமா? இங்கதான் கொஞ்சம் நின்னு யோசிக்கணும்.

நமக்குத் தெரிஞ்ச ஒரு பாப்பா. காலையில முதல் பீரியடுக்கு மூணு நாள் ஆப்சென்ட்னு எஸ்.எம்.எஸ். வந்திருக்கு. ஊருக்கு வர்ற டவுன் பஸ் அந்த வாரம் லேட்டு, அவ்வளவுதான் விஷயம். ஆனா அதைப் படிச்சது அவங்க மாமா. "காலேஜுக்குன்னு கிளம்பி வேற எங்கயோ போறா"ன்னு ஒரு வார்த்தை விட்டாரு. புள்ளைய ரெண்டு வாரம் வீட்டுல உக்கார வச்சுட்டாங்க, மாப்பிள்ளையே பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. வகுப்பு மேடம் போன் பண்ணி, அந்தப் பஸ்ஸுல வர்ற எல்லாருமே லேட்டுதான்னு தமிழ்ல விளக்கிச் சொன்னதுக்கு அப்புறம்தான் திரும்ப அனுப்புனாங்க. ஒரு வரி சேதியால நிக்க இருந்த படிப்பு, ஒரு போனால தப்பிச்சது.

இன்னொரு வீடு. பையன் இன்ஜினியரிங். அப்பா நாலு வருஷமும் வெங்காயம் வித்த காசுல செமஸ்டர் பீஸ் தவறாம கட்டுனாரு. படிப்பு முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுத்தான் 9 பேப்பர் அரியர் இருக்குன்னு வெளிய வந்தது. பையன் கெட்டவன் இல்லை. தமிழ் மீடியத்துல படிச்சுட்டுப் போனவன். முதல் செமஸ்டர்ல நடத்துனது புரியாம மூணு பேப்பர் போச்சு. அப்பா கடன் வாங்கிக் கட்டுறாரேன்னு வீட்டுல சொல்லப் பயம். அந்த மூணுமேல மத்ததும் ஏறிக்கிச்சு. முதல் மூணுலயே வீட்டுக்குத் தெரிஞ்சிருந்தா, யாராவது ஒரு சாரைப் பிடிச்சு உதவி கேட்டிருக்கலாம். குறைஞ்சது அவன் நாலு வருஷம் தனியா பயந்துக்கிட்டுக் கிடந்திருக்க மாட்டான்.

முதல் வீட்டுல சேதி புரியாம வந்து சேர்ந்தது, ரெண்டாவது வீட்டுல சேதியே வரலை. அதனால என் கருத்து இதுதான்: புள்ள எங்க போச்சு, யாரோட பேசுச்சுன்னு வேவு சொல்ல வேண்டாம். 18 வயசு ஆனவங்க, ஓட்டுப் போடுறவங்க. படிப்பையும் பணத்தையும் பாதுகாப்பையும் பத்தி மட்டும் சொல்லுங்க. தமிழ்ல, புரியுற மாதிரி, காலா காலத்துல சொல்லுங்க.

அமெரிக்காவுல 1974-லயே இதுக்குச் சட்டம் போட்டிருக்காங்க. புள்ள காலேஜ் போயிட்டா மார்க்கு, வருகைப் பதிவு மேல இருக்குற உரிமை புள்ளைக்குத்தான். புள்ள எழுதிக் கொடுத்தா பெத்தவங்களுக்குக் காட்டலாம். வருமான வரிக் கணக்குல பெத்தவங்கள நம்பி இருக்குற புள்ளையா இருந்தாலும் காலேஜ் காட்டலாம். அதை அப்படியே இங்க கொண்டுவரச் சொல்லலை. இங்க மாட்டை வித்துப் படிக்க வைக்குறது பெத்தவங்க. ஆனா புள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு, அதுக்குத் தெரிஞ்சே வீட்டுக்குச் சொல்ற முறை நல்ல முறைதான்.

சரி, பெத்தவங்களுக்கு என்னதான் தெரியணும்? பெரிய பாடம் ஒண்ணும் வேண்டாம்.

முதல்ல வருகை. பெரும்பாலான இடத்துல 75 சதவீதம் இல்லைன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க. கொஞ்சம் குறைஞ்சா அபராதமோ மருத்துவச் சான்றோ கேப்பாங்க. இது தெரிஞ்சா வெங்காயம் பிடுங்க, பருத்தி எடுக்கன்னு நாமளே புள்ளைய நிறுத்தி வைக்குறதுக்கு முன்னாடி கணக்குப் பார்ப்போம். அரியர்னா என்னன்னும் தெரியணும். அது மறுபடி எழுதித் தேற வேண்டிய பேப்பர், வாழ்க்கை முடிஞ்சுபோற சங்கதி இல்லைன்னு ஒரு ஆசிரியர் வாயால கேட்டா வீட்டுல அடிதடி குறையும்.

ரெண்டாவது பணம். அரசுப் பள்ளியில 6-லிருந்து 12 வரைக்கும் படிச்சுட்டுக் காலேஜ் போற பொம்பளப் புள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது, 2022-ல இருந்து. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல வந்துச்சு. புள்ள பேர்ல இருக்குற பேங்க் கணக்குக்கே நேரா வந்துடும். பாதியில படிப்பை நிறுத்துனா அதுவும் நின்னு போகும். சேர்ந்த காலேஜ் வேண்டாம்னு விலகுனா கட்டுன பீஸ் கதி என்னன்னும் தெரியணும். யு.ஜி.சி. 2018-ல சொன்ன முறைப்படி, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ இருக்கும்போது விலகுனா சின்னப் பிடித்தம் போக முழுசும் திரும்பக் கிடைக்கும். தேதி நெருங்கிட்டா 90 சதவீதம். தேதி முடிஞ்சு 15 நாளுக்குள்ள 80, 30 நாளுக்குள்ள 50. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. சில வருஷம் இதைவிடச் சலுகையாவும் அறிவிச்சிருக்காங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னும் அதே உத்தரவுல இருக்கு. இது தெரியாம எத்தனை பேர் பணமும் போய், சர்டிபிகேட்டும் கைக்கு வராம நிக்கிறாங்க.

மூணாவது, ஒரு பிரச்சினைன்னா யாரைக் கேக்குறது. வகுப்பு ஆசிரியர் பேரும் நம்பரும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தாப் போதும். ராகிங்னா 1800-180-5522, காசில்லாத நம்பர், ராத்திரியிலயும் எடுப்பாங்க. இது நம்ம வீட்டுச் சுவத்துல கேஸ் நம்பர் பக்கத்துல எழுதியிருக்கணும்.

"நாங்க பேரண்ட்ஸ் மீட்டிங் வச்சா யாரும் வர்றதில்லையே"ன்னு காலேஜ்ல சொல்லுவாங்க. எப்ப வைக்கிறீங்க? வேலை நாள், காலை 10 மணி. நூறு நாள் வேலையில காலையில ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ எடுத்தாத்தான் அன்னைக்குச் சம்பளம். கூலியை விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி வந்து, புரியாத பேச்சைக் கேட்டுட்டுப் போக யாரு வருவா? தை, மாசியில சோளம் ஒடிக்கிற நேரத்துல வச்சா நிலம் வச்சிருக்குறவனும் வர மாட்டான்.

அதுக்கு எனக்குத் தோணுற வழி ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல வருஷம் ஆறு கிராம சபை நடக்குது. அதுல ஆகஸ்ட் 15-ம் அக்டோபர் 2-ம் லீவு நாள், சனம் கூடுற நாள். ஆகஸ்ட்ல கலைக்கல்லூரி ஆரம்பிச்சிருக்கும். அக்டோபர்ல இன்ஜினியரிங் புள்ளைங்களும் போக ஆரம்பிச்சிருக்கும். அன்னைக்கு அந்தப் பக்கத்துக் காலேஜ்ல இருந்து ஒரு ஆசிரியர் வந்து அரை மணி நேரம் பேசட்டும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குக் கீழ நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் எத்தனையோ கலைக்கல்லூரி இருக்கு. ஊர்களைப் பிரிச்சுக்கிட்டா ஒரு ஆசிரியருக்கு வருஷத்துல ஒரு ஊர், ரெண்டு ஊர்தான் வரும். நாட்டு நலப்பணித் திட்டத்துல கிராமத்துக்கு வந்து முகாம் போடுறவங்கதானே, வழி தெரியாதவங்க இல்லை. எந்தப் புள்ளையோட மார்க்கையும் அங்க வாசிக்க வேண்டாம். பொதுவா மேல சொன்ன மூணையும் சொன்னாப் போதும். மேடையில பேசுற காலேஜ்க்காரர்கிட்ட நம்ம ஊர்த் திண்ணையில வச்சுக் கேள்வி கேக்க நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம் இருக்காது. காலேஜ் வாசல்ல அந்தத் தைரியம் வராது.

நம்ம பக்கமும் ஒரு கடமை இருக்கு. புள்ள சாயங்காலம் வந்ததும் "எவ்வளவு மார்க்கு"ன்னு கேக்குறதைவிட, "இன்னைக்கு எந்தப் பாடம் புரியலை"ன்னு கேட்டுப் பாருங்க. நமக்கு அந்தப் பாடம் தெரியாதுதான். பதில் சொல்லவா கேக்குறோம்? புரியலைன்னு வீட்டுல சொன்னா அடி விழாதுன்னு புள்ளைக்குத் தெரிஞ்சா அதுவே பெரிய உதவி. அப்புறம், சேரும்போது கொடுக்குற போன் நம்பர் உங்க கையில இருக்குற நம்பர்தானான்னு பார்த்துக்குங்க. புரியாத பத்திரத்துல கையெழுத்துக் கேட்டா, "தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க சார், அப்புறம் போடுறேன்"னு கேளுங்க. அப்படிக் கேக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்லை, விதியே நம்ம பக்கம்தான் இருக்கு.

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில எங்க ஊராட்சியில இதை ஒரு தீர்மானமா வைக்கச் சொல்லி மனு எழுதி வச்சிருக்கேன். உங்க ஊர்லயும் ஒருத்தர் எழுதிக் கொடுங்க. நாலு ஊர்ல இருந்து தீர்மானம் போனா காலேஜும் கலெக்டர் ஆபீஸும் காது கொடுத்துத்தான் ஆகணும்.