செய்தி எழுதும் இயந்திரம்: நிருபர் வேலை நிலைக்குமா?

செய்தி எழுத மனிதன் வேண்டியதில்லை. கம்ப்யூட்டரே எழுதிவிடும் என்கிறார்கள். அப்படியானால் நிருபர்களின் கதி என்ன?

இது வீண் பயம் அல்ல. அமெரிக்காவில் உள்ள "அசோசியேட்டட் பிரஸ்" செய்தி நிறுவனம், கம்பெனிகளின் லாப நஷ்டக் கணக்கைச் செய்தியாக எழுதும் வேலையை 2014-ம் ஆண்டில் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. அதற்கு முன், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுமார் 300 கம்பெனிகளைப் பற்றித்தான் எழுத முடிந்தது. பிறகு அது சுமார் 3,000 ஆயிற்று! இதனால் யாருக்கும் வேலை போகவில்லை என்று நிறுவனம் கூறியது.

நடக்காத பூகம்பம்

"லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்" பத்திரிகையில் பூகம்பச் செய்தியைக் கம்ப்யூட்டர் எழுதுகிறது. 2014 மார்ச்சு 17-ந் தேதி அதிகாலையில் பூமி குலுங்கியது. படுக்கையை விட்டு எழுந்த நிருபர், கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த செய்தியைப் பார்த்தார், வெளியிட்டார். எல்லாம் சுமார் 3 நிமிடத்தில்!

2017 ஜூன் 21-ந் தேதி நடந்தது வேறு. சாந்தா பார்பரா அருகே 6.8 அளவில் பெரிய பூகம்பம் என்று அதே கம்ப்யூட்டர் அறிவித்தது. ஆனால் அங்கே ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. அது 1925-ல் நடந்த பூகம்பம்! பழைய கணக்கை விஞ்ஞானிகள் திருத்தியபோது, தவறான அறிவிப்பு வந்துவிட்டது. அதில் ஆண்டு 2025 என்று இருந்தது. எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் பூகம்பம் இன்றைக்கு எப்படி நடக்கும்? நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட இதைக் கேட்டிருப்பான். கம்ப்யூட்டர் கேட்கவில்லை.

இல்லாத புத்தகங்கள்

2025 மே மாதம் "சிகாகோ சன்-டைம்ஸ்" ஞாயிறு இணைப்பில், படிக்க வேண்டிய 15 புத்தகங்களின் பட்டியல் வந்தது. ஆசிரியர்கள் நிஜம். ஆனால் 10 புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை! வெளியார் தயாரித்துக் கொடுத்த பக்கம் அது. எழுதியவர் செயற்கை அறிவைக் கேட்டு எழுதினார், சரிபார்க்கவில்லை. பத்திரிகையிலும் யாரும் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்கள் பணம் பெற்றுக்கொண்டு விலகும் ஏற்பாடு அங்கே நடந்திருந்தது.

யார் கற்றுக் கொடுப்பது?

எடுத்த எடுப்பில் யாரும் பெரிய நிருபர் ஆகிவிடுவதில்லை. மழை அளவு, மார்க்கெட் விலை, விளையாட்டு முடிவு என்று சின்னச் செய்திகளை எழுதித்தான் தொழில் பழகுகிறார்கள். "இது சரியா?" என்று சந்தேகப்படும் பழக்கம் அப்போதுதான் வருகிறது. கம்ப்யூட்டர் முதலில் பறிப்பது இந்த வேலைகளைத்தான். இன்று இளைஞர்களுக்குக் கதவை மூடினால், பத்து ஆண்டு கழித்து அனுபவம் உள்ள நிருபருக்கு எங்கே போவது?

கணக்கைக் கம்ப்யூட்டர் எழுதட்டும், தவறு இல்லை. ஆனால் ஒரு மனிதர் படித்துப் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போகக்கூடாது. அந்த மனிதரை வளர்க்கும் செலவை முதலாளிகள் வீண் செலவாக நினைக்கக்கூடாது. பத்திரிகையை நம்பித்தான் வாசகர் காசு கொடுக்கிறார். தப்பு வந்தால், அவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?