கேமராவுக்கு முன் சாமியாட்டம்

நமது திண்டுக்கல் ஜில்லாவில் கோடாங்கியைப் பார்க்காதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள். கோடாங்கி உடுக்கை அடிப்பான், சாமியாடி ஆடுவான், ஆடுகிறவன் வாயில் வந்ததெல்லாம் வாக்கு. மாட்டைக் களவாண்டவன் பங்காளிதான் என்பான்; பிள்ளை செத்ததற்குக் காரணம் அடுத்த வீட்டு விதவைதான் என்பான். "உனக்கு எப்படித் தெரியும்? சாட்சி எங்கே?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பதில்லை. ஆட்டம் அவ்வளவு மும்முரம்!

இந்த வியாபாரம் குறைந்து வருகிறதென்று நாம் சந்தோஷப்பட்டுக் கொண்டிருக்கையில், அது கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்து கொண்டது. யூடியூபில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கேமரா. ஒருவர் கேள்வி என்னும் உடுக்கையை அடிக்கிறார். வாரந்தவறாமல் வரும் விருந்தாளி ஆடுகிறார். இன்று மந்திரியைப் பற்றி, நாளை நடிகையைப் பற்றி, மறுநாள் கோர்ட்டைப் பற்றி! "தெரியாது" என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவருக்கு எல்லாம் தெரியும். பஸ் நிலையத்து டீக்கடையில் இதைக் கேட்கும் நமது தோழர்கள், "ஆஹா, என்ன துணிச்சல்!" என்று தலையாட்டுகிறார்கள்.

திருவாளர் சவுக்கு சங்கர் விஷயத்தை எடுத்துக் கொள்வோம். அவர் லஞ்ச ஒழிப்புத் துறையில் வேலை பார்த்தவர். ரகசிய உரையாடலை வெளியிட்டார் என்று 2008ல் குற்றஞ்சாட்டப்பட்டுப் பின்னர் விடுதலையானவர். நீதித்துறையைப் பற்றிப் பேட்டியில் சொன்னதற்காக 2022 செப்டம்பரில் ஐக்கோர்ட்டு மதுரைக் கிளை அவருக்கு ஆறு மாதத் தண்டனை விதித்தது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. பெரிய இடங்களைப் பற்றிப் பேசி ஜெயிலுக்குப் போனவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜெயிலுக்குப் போனவர் என்பதாலேயே ஒருவர் சொல்வதெல்லாம் மெய்யாகி விடுமா? காவி கட்டியவன் சொன்னால் மெய் என்பதற்கும், கைவிலங்கு பூண்டவன் சொன்னால் மெய் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

ரெட்பிக்ஸ் என்னும் சேனலின் பேட்டியில் பெண் போலீசாரை இழிவாகப் பேசினார் என்ற புகாரின்மேல், 2024 மே 4ந் தேதி தேனியில் அவர் கைது செய்யப்பட்டார். பேட்டி எடுத்த திருவாளர் பெலிக்ஸ் ஜெரால்டும் டில்லியில் கைதானார். அவ்வழக்கின் முடிவு கோர்ட்டின் வேலை. நாம் கேட்பது வேறு.

1929ல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சமமான சொத்துரிமையும், எத்தொழிலையும் செய்யும் உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. 1973ல்தான் தமிழ்நாட்டில் பெண்கள் போலீஸ் உடை உடுத்தினார்கள். 1992ல்தான் மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று தைப்பூசக் காலத்தில் பழனிப் பாதையில் கூட்டத்தை ஒழுங்கு செய்து நிற்கும் பெண் யார்? வேடசந்தூர்ப் பக்கத்துக் குடியானவன் மகள். நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கிறவள் மகள். உத்தியோகத்துக்குப் போகும் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி எவராவது ஆதாரமின்றி வாய்க்கு வந்ததைப் பேசினால், அது மேலதிகாரிக்கு விழும் அடியல்ல. தேர்வுக்குப் படித்துக் கொண்டிருக்கும் பெண்ணிடம், "உனக்கு அந்த வேலை வேண்டாம்" என்று தகப்பன் புத்தகத்தைப் பிடுங்குவதில்தான் அது போய் முடியும். மனு சொன்னதை மைக்கில் சொன்னால் அது துணிச்சலாகி விடுமா?

கேள்வி கேட்டுப் பேச வைத்தவரையே முதல் எதிரியாகச் சேர்த்திருக்க வேண்டுமென்று ஐக்கோர்ட்டு நீதிபதி ஒருவர் விசாரணையின்போது குறிப்பிட்டார். உடுக்கை இல்லாமல் ஆட்டம் ஏது? ஆனால் உடுக்கைக்குத் தட்சணை வைப்பவர் யார்? நாம்தான். எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்தே விளம்பரக் காசு வருகிறது. ரசித்துப் பார்ப்பவனின் நேரமும், "சீ, இப்படியா பேசுவது" என்று கடைசிவரை பார்ப்பவனின் நேரமும் ஒரே உண்டியலில்தான் விழுகின்றன. நிதானமாகப் பேசுகிறவனுக்குக் கூட்டமில்லை. ஆகவே அடுத்த வாரம் இன்னும் சத்தமாக ஆட வேண்டியதாகிறது.

நிற்க, சர்க்கார் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். கள்ளச்சாராயக்காரர், குண்டர் முதலியோருக்காக 1982ல் வந்த சட்டத்தின்படி அவரை விசாரணையின்றிக் காவலில் வைத்தார்கள். அவ்வுத்தரவை ஆகஸ்டு 9ந் தேதி ஐக்கோர்ட்டு ரத்து செய்தது. அதே மாதத்தில் மறுபடியும் அதே சட்டத்தைப் போட்டுச் செப்டம்பரில் தாங்களே திரும்பப் பெற்றார்கள். இதனால் பெண்களுக்கு வந்த லாபம் என்ன? பேச்சைப் பற்றிய விவாதம் போய், பேசியவரைப் பற்றிய அனுதாபம் வந்ததுதான். 1933ல் "குடி அரசு" தலையங்கத்துக்காகப் பெரியாரையும் அவர் தங்கை கண்ணம்மாளையும் கைது செய்ததை நாம் மறந்துவிடவில்லை. அவதூறு செய்தால் சாதாரணச் சட்டப்படி, சாட்சி வைத்து, பகிரங்கமாக விசாரிக்கட்டும். நமது திண்டுக்கல் பூட்டு பெயர் பெற்ற பூட்டுதான். 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது பெட்டிக்குப் போடும் பூட்டே ஒழிய, வாய்க்குப் போடும் பூட்டல்ல.

அப்படியானால் மருந்து என்ன? கோடாங்கியை எந்தச் சர்க்காரும் பிடித்து அடைத்து ஒழிக்கவில்லை. "சாட்சி எங்கே?" என்று நாலு பேர் எழுந்து கேட்ட ஊரில்தான் உடுக்கை ஓய்ந்தது.

ஆகவே தோழர்களே! இனி டீக்கடையில் யாராவது கைப்பேசியை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள். இதை இவர் நேரில் பார்த்தாரா? காகிதம் ஏதாவது காட்டினாரா? எதிர்த்தரப்பாரையும் கூப்பிட்டுக் கேட்டார்களா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், கைப்பேசியை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். பேசுகிறவர் நமக்கு வேண்டாத கட்சியைத் திட்டினாலும் இதையே கேளுங்கள். அப்போதுதான் அவசியமாகக் கேளுங்கள். நமது இயக்கத்துப் பிரசாரகர் பேசினாலும் விடாதீர்கள். இதை எழுதும் நம்மையும் கேளுங்கள்.

யார் சொன்னாலும் ஆதாரம் கேட்பவனே சுயமரியாதைக்காரன். ஆட்டத்தைப் பார்த்து அருள் என்று நம்புகிறவன், கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டாலும் பக்தன்தான்.